ரிமோட் டீம் மீட்டிங்ல ஐஸ்பிரேக்கர் நடத்தப் போறீங்களா? முதல்ல இத படிச்சிட்டு போங்க

டீம் லீட் பொறுப்பு கைக்கு வந்த முதல் வாரம். 14 பேர், ஆளுக்கொரு ஊர், பாதி பேர் ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாத்ததே இல்ல. சரி கொஞ்சம் பழகட்டும்னு ஒரு ஐஸ்பிரேக்கர் (கூச்சம் போக எல்லாரையும் பேச வைக்கிற சின்ன கேள்வியோ விளையாட்டோ) வச்சேன், மீட்டிங் ஆரம்பிச்ச உடனே "எல்லாரும் உங்களப் பத்தி ஒரு சுவாரஸ்யமான விஷயம் சொல்லுங்க"ன்னு கேட்டேன். யாரும் பேசல. யாரோ மியூட் எடுத்தாங்க, அதே நேரத்துல இன்னொருத்தரும் எடுத்தாங்க, "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க"ன்னு ரெண்டு பேருமே நிறுத்திட்டாங்க, திரும்பவும் அமைதி. கடைசியில நானே ஒவ்வொரு பேரா கூப்பிட ஆரம்பிச்சேன். எல்லாரும் முடிக்க 31 நிமிஷம் ஆச்சு, பேச வேண்டிய வேலைக்கு கால் மணி நேரம்கூட மிச்சமில்ல. அடுத்த வாரம் நடந்தது இன்னும் மோசம், அத நாலாவது ஸ்டெப்ல சொல்றேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா ஏறக்குறைய வாராவாரம் நடத்திட்டு வரேன். எது ஓடும், எது படுத்துக்கும்னு தெரிஞ்சுக்க எனக்கு நிறைய மீட்டிங் வீணாச்சு, உங்களுக்கு ஆக வேணாம்னுதான் இத எழுதுறேன். ஐஸ்பிரேக்கருக்கு வேலை ஒண்ணே ஒண்ணு: முதல் பத்து நிமிஷத்துக்குள்ள ஒவ்வொருத்தர் குரலும் ஒரு தடவையாவது கேட்டுடணும், அதுக்காக யாரும் தர்மசங்கடத்துல மாட்டிக்கக் கூடாது. ஒரு தடவை வாயத் திறந்துட்டவங்க வேலை விஷயத்துலயும் "எனக்கு ஒரு சந்தேகம்"னு கேக்க அவ்வளவா தயங்க மாட்டாங்க. கீழ இருக்குற எல்லாமே அதுக்காகத்தான்.

1. எந்த மீட்டிங்குக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லா மீட்டிங்குக்கும் இது தேவையில்ல. தினமும் 15 நிமிஷம் நடக்குற ஸ்டாண்ட்அப்புல (யார் என்ன வேலை பண்றாங்கன்னு சொல்ற சின்ன மீட்டிங்) வச்சா மூணாவது நாளே எல்லாருக்கும் எரிச்சல் வந்துடும். புது ஆள் சேர்ற வாரம், ரெண்டு டீம் சேர்ந்து ஒரு புராஜெக்ட் ஆரம்பிக்கிற நாள், வாரத்துக்கு ஒரு தடவை நடக்குற டீம் மீட்டிங், மாசக் கடைசி ரெட்ரோ (முடிஞ்ச வேலைல எது நல்லா போச்சு, எது போகலன்னு பேசுற மீட்டிங்), இதெல்லாம் சரியான இடம்.

வைக்கவே கூடாத இடமும் இருக்கு. ஆள் குறைப்பு அறிவிப்பு வரப்போற மீட்டிங், பெரிய தப்பு நடந்து அத ஆராயுற மீட்டிங், கஸ்டமர் கோவமா உக்காந்திருக்குற கால். அங்க போய் "இன்னிக்கு உங்க மூட் என்ன கலர்"னு கேட்டா நம்ம மேல இருக்குற நம்பிக்கையே போயிடும்.

2. நேரத்துக்கு கணக்கு போடுங்க, உண்மையான செலவு அதுதான்

இதுக்கு பெரும்பாலும் காசு செலவே ஆகாது, ஆனா நேரம் ஆகும். 14 பேர் 10 நிமிஷம் உக்காந்தா அது 140 நிமிஷம், அதாவது 2 மணி 20 நிமிஷ வேலை நேரம். வருஷத்துக்கு 50 வாரம்னு வச்சா 116 மணி நேரத்துக்கு மேல போகுது. மேல இருக்குறவங்க கேட்டா பதில் சொல்ல இந்தக் கணக்கு கையில இருக்கட்டும், நீங்க அளவோட நிறுத்துறதுக்கும் இது உதவும்.

நான் வச்சிருக்குற கணக்கு இதுதான்: ஒருத்தருக்கு 30 செகண்டு, அது மொத்தத்துக்கும் மேல 2 நிமிஷம். பேசுறதுக்கு 20 செகண்டு, மீதி 10 செகண்டு மியூட் எடுக்கவும் அடுத்த ஆளுக்கு மாறவும் போயிடும் (நேர்ல இந்த 10 செகண்டு கிடையாது, ஆன்லைன்ல கட்டாயம் உண்டு). 8 பேருக்கு 6 நிமிஷம், 14 பேருக்கு 9 நிமிஷம். 20 பேர்னா 12 நிமிஷம் வருது, அது அதிகம், அங்க ஒவ்வொருத்தரா பேச விடாம சாட்டுக்கு மாறிடுங்க.

இலவச அக்கவுண்ட்ல நடத்துறவங்க இன்னொண்ணும் பாக்கணும். ஜூம் இலவச பிளான்ல மீட்டிங் 40 நிமிஷத்துல முடிஞ்சிடும். கூகுள் மீட் இலவச அக்கவுண்ட்ல 3 பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா 60 நிமிஷம். 40 நிமிஷத்துல 10 நிமிஷத்த ஐஸ்பிரேக்கர் எடுத்துக்கிட்டா வேலைக்கு அரை மணி நேரம்தான், அதுல ரெண்டு பேர் லேட்டா வந்தா அதுவும் இல்ல.

3. மூணு டாக்குமெண்ட் தயார் பண்ணிக்கோங்க

முதல் தடவை எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் வாரத்துக்கு 10 நிமிஷம் போதும்.

ஒண்ணு, கேள்விப் பட்டியல். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். கேள்வி, என்னிக்கு கேட்டோம், எத்தனை நிமிஷம் ஆச்சு, எத்தனை பேர் பாஸ் (பதில் வேணாம், அடுத்த ஆளுக்குப் போங்க) சொன்னாங்க, இந்த நாலு காலம் (நெடுவரிசை). பாஸ் காலத்த விட்டுடாதீங்க, எந்தக் கேள்வி ஆளுங்கள சங்கடப்படுத்துச்சுன்னு அதுதான் காட்டிக் கொடுக்கும்.

ரெண்டு, பேசுற வரிசை. இந்த ஒண்ண மட்டும் முதல் வாரமே செஞ்சிருந்தா அந்த 31 நிமிஷம் போயிருக்காது. நேர்ல வட்டமா உக்காந்தா அடுத்து யாருன்னு பாத்தாலே தெரியும். ஸ்கிரீன்ல ஒவ்வொருத்தருக்கும் முகங்கள் வேற வேற வரிசையில தெரியுது, அதனாலதான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. பேரு வரிசைய முன்னாடியே எழுதி வச்சிருந்து மீட்டிங் ஆரம்பிச்சதும் சாட்ல ஒட்டிடுங்க. அடுத்த வாரம் அதையே தலைகீழா மாத்துங்க, இல்லன்னா ஒரே ஆள் எப்பவும் கடைசியா மாட்டுவாங்க.

மூணு, இன்வைட்ல போட வேண்டிய சின்ன குறிப்பு. நான் போடுறத அப்படியே தரேன், வேணும்னா எடுத்துக்கோங்க:

"முதல் 9 நிமிஷம் ஒரு சின்ன ரவுண்டு. கேள்வி: இந்த மாசம் வேலைல புதுசா கத்துக்கிட்ட ஒரு ஷார்ட்கட் என்ன? ஒரு வரி போதும். பேச விருப்பமில்லன்னா சாட்ல பாஸ்னு போடுங்க, காரணம் சொல்ல வேணாம். இந்தப் பகுதி ரெக்கார்ட் ஆகாது."

மீட்டிங்குக்கு முந்தின நாளே அனுப்பிடுங்க. மீட்டிங் நடக்குற மொழி தாய்மொழியா இல்லாதவங்களுக்கும், சட்டுனு கேட்டா மனசுல ஒண்ணும் தோணாதவங்களுக்கும் அந்த ஒரு நாள் அவகாசம் பெரிய உதவி. மத்தவங்க பளிச்சுன்னு பேசுறப்போ தன் முறை வரப்போகுதேன்னு உள்ளுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே உக்காந்திருக்குறவங்களுக்கு மத்தவங்க சொல்றது எதுவுமே காதுல விழாது.

4. கேள்விய தேர்ந்தெடுக்குறது, இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க

ரெண்டாவது வாரக் கதை இது. "ரெண்டு உண்மை, ஒரு பொய்" விளையாடுனோம், ஒவ்வொருத்தரும் தன்னப் பத்தி மூணு விஷயம் சொல்லணும், எது பொய்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். ஒருத்தர் மூணு விஷயம் சொன்னார், அதுல ஒண்ணு "நாங்க இரட்டைப் பிள்ளைங்க". எல்லாரும் அதுதான் பொய்னு சாட்ல போட்டாங்க, சிரிப்பு எமோஜி ஸ்கிரீன்ல மிதந்துக்கிட்டு இருந்துச்சு. அவர் மெதுவா "அது உண்மைதான், போன வருஷம் என் தம்பி தவறிட்டான்"னு சொன்னார். அவர் சொல்லி முடிச்ச பிறகும் கடைசி எமோஜி ஒண்ணு மேல போய்க்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல, நானும் "ஸாரி"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன். அது தப்பு. அங்கேயே நிறுத்தி "ரவுண்டு இதோட போதும்"னு சொல்லியிருக்கணும், அப்புறம் அவருக்கு தனியா போன் பண்ணி பேசியிருக்கணும். போன் பண்ணேன், ஆனா ரெண்டு நாள் கழிச்சுதான். இன்னிக்கும் அது மனச உறுத்துது.

அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. சொந்த வாழ்க்கையில கைய விட்டு துழாவ வைக்கிற விளையாட்டு அது. ஒருத்தரோட வீட்டுக் கதைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, அதனால கேள்வியே அந்தப் பக்கம் போகாத மாதிரி பாத்துக்கணும். நான் இப்ப கேள்விய இப்படி சலிச்சு பாக்குறேன்:

20 செகண்டுல பதில் சொல்ல முடியுமா? "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத நாள்" மாதிரி கேள்விக்கு 20 செகண்டு பத்தாது. பதில் சொன்னா குடும்பம், கல்யாணம், குழந்தை, உடம்பு, மதம், அரசியல், சம்பளம், இதுல எதையாவது தொட வேண்டியிருக்குமா? தொட்டா வேணாம். சின்ன வயசு போட்டோ அனுப்பச் சொல்றது பாக்க பாசமா இருக்கும், ஆனா அந்த வயசு போட்டோவே இல்லாதவங்க இருப்பாங்க, அத பாக்கவே விரும்பாதவங்களும் இருப்பாங்க. "வீக்எண்ட்ல என்ன பண்ணீங்க" கூட சாதாரணமா தெரியும், ஆனா தனியா இருக்குறவங்களுக்கும் ஆஸ்பத்திரியில யாரையாவது பாத்துக்கிட்டு இருக்குறவங்களுக்கும் அது கஷ்டமான கேள்வி.

அடுத்தது பலரும் யோசிக்காத ஒண்ணு, பாதுகாப்பு. முதல்ல வளர்த்த நாயோட பேரு என்ன, படிச்ச முதல் ஸ்கூல் எது, முதல்ல வாங்குன வண்டி எது, எந்த ஊர்ல பிறந்தீங்க, இதெல்லாம் ஐஸ்பிரேக்கர் லிஸ்ட்ல அடிக்கடி வரும். நிறைய அக்கவுண்ட்ல பாஸ்வேர்ட் மறந்துட்டா கேக்குற கேள்விகளும் இதேதான். அத 14 பேர் முன்னாடி, அதுவும் ரெக்கார்டிங் ஓடுற இடத்துல சொல்ல வைக்காதீங்க.

நெட்ல சுத்துற "36 கேள்விகள்" பட்டியலையும் அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க. ஆர்தர் ஆரோன்ங்கிற உளவியல் பேராசிரியரும் கூட இருந்த ஆய்வாளர்களும் ரெண்டு பேருக்குள்ள நெருக்கத்த உருவாக்குறதப் பத்தி 1997ல வெளியிட்ட ஆய்வுல வந்தது அது. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து முக்கால் மணி நேரம் பேச, போகப் போக ஆழமாகுற மாதிரி 12 கேள்வியா மூணு செட் பிரிச்சு வச்சிருக்காங்க. கடைசி செட்ல குடும்பத்துல யாரோட சாவு உங்கள அதிகமா பாதிக்கும்னெல்லாம் வருது. ஆபீஸ் கால்ல கேக்குற கேள்வியா அது?

சரி, எது நல்ல கேள்வி? உங்க கீபோர்டுல அதிகமா தேஞ்ச பட்டன் எது? ஒரு சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எத மாத்துவீங்க? இப்ப உங்க பிரவுசர்ல எத்தனை டேப் திறந்திருக்கு? எந்த நேரத்துல உங்களுக்கு வேலை நல்லா ஓடும்? கடைசி கேள்வி உண்மையிலயே உபயோகமானது, யாரை எப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு டீமுக்கே தெரிஞ்சிடுது.

5. டூல் கம்மியா இருக்கட்டும்

முதல் ரெண்டு மாசம் மீட்டிங் சாஃப்ட்வேரும் அதுல இருக்குற சாட்டும் போதும். புது வெப்சைட்டு, புது லாகின், புது கோட்னு போனா 14 பேர்ல ரெண்டு பேருக்கு திறக்காது, அவங்களுக்கு உதவி பண்ணவே அஞ்சு நிமிஷம் போயிடும்.

அப்படியும் வேற டூல் வேணும்னா முந்தின நாளே மூணு விஷயம் சரிபார்த்துடுங்க: ஆபீஸ் நெட்வொர்க்ல அந்த சைட் பிளாக் ஆகாம திறக்குதா (கேம் சைட் பலதும் பிளாக் ஆகியிருக்கும்), போன்ல வேலை செய்யுதா, இலவச பிளான்ல எத்தனை பேர் வரைக்கும் சேரலாம். வீடியோவோ பாட்டோ போடப் போறீங்கன்னா ஸ்கிரீன் ஷேர் பண்றப்போ சவுண்டையும் ஷேர் பண்ற டிக் பாக்ஸ மறக்காதீங்க, மறந்தா உங்களுக்கு மட்டும் கேக்கும், மத்தவங்க ஊமைப் படம் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

6. மீட்டிங் அன்னிக்கு, நிமிஷ வாரியா

5 நிமிஷம் முன்னாடி உள்ள வந்துடுங்க. ரெக்கார்டிங் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. யாரோட காலண்டர்ல இருந்தாவது நோட்ஸ் எடுக்குற ஏஐ பாட் ஒண்ணு தானா வந்து சேர்ந்திருக்கும், பேசுறது எல்லாத்தையும் எழுதி அப்புறம் எல்லாருக்கும் மெயில் பண்ணும், அத வெளிய அனுப்பிட்டு ரவுண்டு முடிஞ்சதும் சேர்த்துக்கலாம். காது கேக்குறதுல சிரமம் இருக்குறவங்களுக்காக, பேசுறத ஸ்கிரீன்ல எழுத்தா காட்டுற கேப்ஷன ஆன் பண்ணிடுங்க, லைன் சரியில்லாதவங்களுக்கும் அது உதவும்.

மணி அடிச்சதும் 1 நிமிஷம் காத்திருங்க, அதுக்கு மேல வேணாம். சாட்ல கேள்வியையும் வரிசையையும் ஒட்டுங்க.

அடுத்து முதல் பதில் நீங்க சொல்லணும். நீங்க எவ்வளவு நீளமா சொல்றீங்களோ அவ்வளவு நீளமாத்தான் எல்லாரும் சொல்வாங்க, நீங்க ரெண்டு நிமிஷம் இழுத்தா முடிஞ்சது கதை. 15 செகண்டுல சொல்லிட்டு அடுத்த ஆள் பேர சொல்லி கொடுங்க. ஒவ்வொருத்தரும் முடிக்கும்போது அடுத்த பேர அவங்களே சொல்லட்டும், "என்னோடது அவ்வளவுதான், அடுத்து அவங்க"ன்னு. இது ஓட ஆரம்பிச்சா நீங்க நடுவுல வரவே வேணாம்.

ஒவ்வொரு பதிலுக்கும் "சூப்பர்", "அருமை"ன்னு கருத்து சொல்லாதீங்க. ஒருத்தருக்கு சொல்லி இன்னொருத்தருக்கு சொல்லாம விட்டா அது அவங்களுக்குத் தெரியும். தலையாட்டுனா போதும்.

ஒருத்தர் நீளமா பேசிட்டே போனா? குறுக்க வெட்டாம, மூச்சு விடுற இடத்துல "இத முழுசா கேக்கணும், மீட்டிங் முடிஞ்சதும் பேசலாம்"னு சொல்லி அடுத்த பேர சொல்லுங்க. சொன்னபடி அப்புறம் பேசவும் செய்யணும்.

நேரம் முடிஞ்சா நிறுத்திடுங்க, ரெண்டு பேர் பாக்கி இருந்தாலும் சரி. அவங்கள சாட்ல போடச் சொல்லிட்டு, அடுத்த வாரம் அவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க.

7. எங்களுக்கு ஒத்து வந்த சிலது

கையெட்டுற பொருள். உக்காந்த இடத்துல இருந்து எழுந்திருக்காம கைக்கு எட்டுற ஒரு பொருளக் காட்டி ஒரு வரி சொல்லணும். தயாரிப்பே தேவையில்ல. எங்க டீம்ல ஒருத்தங்க சேர்ந்து மூணு மாசமாகியும் கேட்டா மட்டும்தான் பேசுவாங்க. அன்னிக்கு கைப்பிடி உடைஞ்ச ஒரு கப்ப எடுத்து கேமரா முன்னாடி காட்டினாங்க, உள்ள மூணு பேனா, ஒரு ஸ்க்ரூடிரைவர். "கைப்பிடி உடைஞ்ச அன்னிக்கு தூக்கிப் போடலாம்னு நினைச்சேன், ஆனா இந்த ஸ்க்ரூடிரைவர் நிக்கிற மாதிரி வேற எதுவும் வீட்டுல இல்ல"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அதே மீட்டிங்ல அரை மணி நேரம் கழிச்சு ரிலீஸ் தேதியப் பத்தி பேசுறப்போ அவங்களே மியூட் எடுத்து "இந்தத் தேதி சரிப்படாது, டெஸ்டிங்குக்கு ரெண்டு நாள் விட்டுப் போச்சு"ன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி, தேதிய மாத்துனோம். இதுல ஒரே எச்சரிக்கை, வீட்டையோ ரூமையோ சுத்திக் காட்டச் சொல்லாதீங்க. பேக்ரவுண்ட மங்கலா வச்சிருக்குறவங்களுக்கு அதுக்கு ஒரு காரணம் இருக்கும்.

சாட் அருவி. 15 பேருக்கு மேல இருந்தா இதுதான். கேள்விய சொல்லி எல்லாரும் டைப் பண்ணி வச்சுக்கணும், ஆனா என்டர் தட்டக் கூடாது. மூணு, ரெண்டு, ஒண்ணு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல தட்டணும். 40 பேர் பதிலும் மடமடன்னு கொட்டும். அதுல ரெண்டு மூணு பதில மட்டும் வாய்விட்டு படிங்க. முன்னாடி ஒருத்தர் போட்டத பாத்து மத்தவங்க அதையே போடுறது இதுல நடக்காது.

பேட்டரி. "இன்னிக்கு உங்க பேட்டரி எத்தனை பர்சன்ட்?" அதாவது தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. நம்பர் மட்டும் சொன்னா போதும், காரணம் வேணாம். 20, 30னு வந்தவங்களுக்கு அன்னிக்கு புது வேலை ஏத்தாதீங்க. கேட்டுட்டு கண்டுக்காம விட்டா அடுத்த வாரத்துல இருந்து எல்லாரும் 80னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.

வரைஞ்சு கண்டுபிடிக்கிறது. கார்ட்டிக் போன்னு பிரவுசர்லயே ஓடுற விளையாட்டு, ஒருத்தர் எழுதுறத அடுத்தவர் வரையணும், அத பாத்து அதுக்கடுத்தவர் என்னன்னு எழுதணும். நல்லா சிரிக்கலாம். ஆனா ஆள் கூடக் கூட சுற்றும் கூடிக்கிட்டே போகும், 12 பேர் சேர்ந்தா பத்து நிமிஷத்துல முடியவே முடியாது. இத தனியா அரை மணி நேரம் ஒதுக்கி, வர்றவங்க வரட்டும்னு வைங்க. பார்வைக் குறைபாடு இருக்குறவங்க டீம்ல இருந்தா இது வேணாம்.

8. பிரேக்அவுட் ரூம்

பெரிய டீமுக்கு ரெண்டு ரெண்டு பேரா, இல்ல மூணு மூணு பேரா மீட்டிங்குக்குள்ளேயே தனித்தனி சின்ன ரூமா பிரிச்சு விடுறதுதான் உண்மையிலயே பழக வைக்கும். ஜூம் இலவச பிளான்ல இது இருக்கு, கூகுள் மீட்ல காசு கட்டுற சில பிளான்லதான் இருக்கு, முன்னாடியே பாத்துக்கோங்க.

நான் ரெண்டு தடவை மாட்டுன இடம்: ரூமுக்குள்ள போன அப்புறம் "கேள்வி என்ன சொன்னாங்க?"ன்னு அவங்களுக்குள்ளேயே கேட்டுக்கிட்டு நேரம் போயிடும். அதனால கேள்விய இன்வைட்லயும் போட்டு வைங்க, பிரிச்சு விடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கவும் சொல்லுங்க. 4 நிமிஷத்துக்கு கம்மியா வைக்காதீங்க, உள்ள போய் வணக்கம் சொல்லவே அரை நிமிஷம் ஆகும். ஜூம்ல ரூம மூடுற பட்டன அமுக்கினதும் சாதாரணமா 60 செகண்டு கவுண்ட்டவுன் ஓடும், அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. திரும்பி வந்ததும் "உங்க ரூம்ல என்ன பேசுனீங்க"ன்னு எல்லாரையும் சொல்லச் சொல்லாதீங்க, ரெண்டு பேர் பேசுனது ரெண்டு பேரோட இருக்கட்டும்.

9. கேமரா ஆன் பண்ணாதவங்க

கட்டாயப்படுத்தாதீங்க. வீடியோ கால் ஏன் இவ்வளவு அசதி தருதுன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட ஜெரமி பெய்லன்சன் 2021ல ஒரு கட்டுரை எழுதினார். அதுல நாலு காரணம் சொல்றார்: நிறைய கண்ணு ரொம்ப கிட்டத்துல இருந்து நம்மளயே பாக்குற மாதிரி இருக்குறது, தன் முகத்த தானே விடாம பாத்துக்கிட்டு இருக்குறது, நகராம ஒரே இடத்துல உக்காந்திருக்குறது, முகபாவம் சைகை எல்லாத்தையும் ஸ்கிரீன்ல புரிஞ்சுக்க மூளை கூடுதலா உழைக்கிறது. இதுல ரெண்டாவதுக்கு உடனே வழி இருக்கு, ஜூம்ல உங்க வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஹைட் செல்ஃப் வியூ கொடுத்தா மத்தவங்களுக்கு நீங்க தெரிவீங்க, உங்களுக்கு உங்க முகம் தெரியாது. டீமுக்கு இத சொல்லிக் கொடுங்க. எங்க டீம்ல கேமராவே போடாம இருந்த ரெண்டு பேர் இதுக்கப்புறம் போட ஆரம்பிச்சாங்க.

அப்படியும் கேமரா போடாதவங்களுக்காக, பதிலுக்கு ஏத்த மாதிரி விரல் மடக்கிக் காட்டுறது, பொருள் காட்டுறது மாதிரி கேமரா வேணுங்கிற ஆக்டிவிட்டி எதுக்கும் குரல்லயோ சாட்லயோ கலந்துக்க ஒரு வழி கூடவே வைங்க.

10. நேர வித்தியாசம்

ஒருத்தருக்கு காலை 8 மணி, இன்னொருத்தருக்கு ராத்திரி 9 மணின்னா, ராத்திரி உக்காந்திருக்குறவங்களுக்கு ஐஸ்பிரேக்கர் தூக்கத்துல இருந்து போற பத்து நிமிஷம். ஒரு வாரம் அவங்களுக்கு வசதியான நேரத்துல மீட்டிங் வைங்க, முடியாதுன்னா அவங்கள வரிசையில முதல்ல போடுங்க. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்த ஒரு மணி நேரம் மாத்தும், ஆனா அந்தத் தேதி ஒண்ணா வராது, மார்ச்ல ரெண்டு மூணு வாரமும் அக்டோபர் கடைசியில ஒரு வாரமும் இடைவெளி விழும், அந்த வாரங்கள்ல பாதி பேர் ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ வந்து நிப்பாங்க. அந்த வாரம் ஐஸ்பிரேக்கரே வேணாம்.

11. மீட்டிங் முடிஞ்ச பிறகு

ஷீட்ல எத்தனை நிமிஷம் ஆச்சு, எத்தனை பாஸ் வந்துச்சுன்னு உடனே எழுதிடுங்க, சாயங்காலத்துக்குள்ள மறந்துடும். 14 பேர்ல மூணு பேருக்கு மேல பாஸ் சொன்னா அந்தக் கேள்விய தூக்கிடுங்க. யாராவது ரவுண்டுல குரல் தழுதழுத்துப் பேசுனாங்கன்னா அன்னிக்கே தனியா ஒரு மெசேஜ் போடுங்க.

நடத்துற பொறுப்ப ரெண்டு மாசத்துக்கு அப்புறம் சுத்தி விடுங்க, ஆனா கேள்விய மட்டும் மீட்டிங்குக்கு ஒரு நாள் முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க, நாலாவது ஸ்டெப்ல சொன்ன சல்லடையில போட்டு. புதுசா ஒருத்தர் சேர்ந்தா அவங்கள முதல் வாரம் வரிசையில அஞ்சாவது ஆறாவது இடத்துல வைங்க. முதல்ல வச்சா என்ன எதிர்பாக்குறாங்கன்னு தெரியாம முழிப்பாங்க, கடைசியில வச்சா பயந்துக்கிட்டே காத்திருப்பாங்க.